கால்பட்டைக்குப் போட்ட கஞ்சி

1926 ஆகஸ்ட் 14, சனி

அண்ணன் கால் கழுவிக்கொண்டு வந்தான். அதைத்தான் முதலில் கவனித்தேன். பந்தாட்டம் முடிந்து வரும் நாளெல்லாம் முழங்கால்வரை சேற்றோடு படியேறி, "லூர்து, தண்ணி!" என்று தெருவுக்கே கேட்கக் கத்துவான். இன்று பின்படி வழியாகச் சத்தமில்லாமல் வந்து நின்றான். நகத்திடுக்கில்கூட மண் இல்லை. எங்கே கழுவினான்? எவ்வளவு நேரம் கழுவினான்?

தோற்றுவிட்டார்கள் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து அப்பா நனைந்த குடையோடு வந்தார். அவரும் மைதானத்துக்குப் போயிருந்தார். அண்ணன் சாப்பிட வரவில்லை. அப்பாதான் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார். "ரெண்டுக்கு ரெண்டு. முடிய ரெண்டு நிமிஷம். பந்து இவன்கிட்டதான் வருது. சும்மா ஒரு உதை உதைச்சா போதும். காலு வழுக்கிருச்சு. அந்தப் பையன் எடுத்துட்டுப் போயி அடிச்சிட்டான்." பிறகு, "அவ்வளவுதான்" என்றார். மிச்சச் சோற்றில் தண்ணீர் ஊற்றிவிட்டு எழுந்துபோனார்.

மிஷன் கல்லூரிக்கு மூன்று, அண்ணன் கல்லூரிக்கு இரண்டு. போலீஸ்காரர்களோடு தோற்றால் மறுநாளே மறந்துவிடுவார்கள். ரயில்வேக்காரர்களோடு தோற்றாலும் அப்படித்தான். மிஷன் கல்லூரியோடு தோற்றால் மறக்கமாட்டார்கள். அவர்களிடம் தொடர்ந்து தோற்பது இது நான்காவது வருடம்.

ஆகஸ்ட் 15, ஞாயிறு

மாதா திருநாள். இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

கோயில் பீடத்துக்கு விரிக்கும் துணிகளைத் துவைத்துக் கஞ்சி போட்டுக் கொடுப்பது எங்கள் வீட்டு முறை. அம்மா இருந்தவரை அம்மா செய்தார்கள். அம்மா போன பிறகு, இந்த இரண்டு வருடமாக, நான் செய்கிறேன். இன்று பூசையில் சாமியார் கையை நீட்டியபோது அவர் அங்கி பீடத்துணியின் ஓரத்தில் பட்டு, காகிதம் மடங்குவதுபோல் ஒரு சத்தம். முன்வரிசையில் எனக்குக் கேட்டது. கஞ்சி நன்றாகப் பிடித்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். அடுத்த நிமிடம் இன்னொன்று நினைவுக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை அதே கஞ்சிப் பானையில் அண்ணனின் கால்பட்டைகளையும் முக்கினேன்.

மிஷன் கல்லூரிப் பையன்களில் பாதிப் பேர் பூட்ஸ் போட்டு ஆடுவார்களாம். அண்ணன் கல்லூரியில் பர்மாக்காரர்களும் நம் ஆட்களும் வெறுங்கால்தான். கணுக்காலில் தொடங்கி உள்ளங்கால்வரை வெள்ளைத் துணிப்பட்டை சுற்றிக்கொள்வார்கள். பழைய வேட்டியைக் கிழித்து நான்தான் நான்கு பட்டைகள் தைத்திருந்தேன். இரண்டு கட்டிக்கொள்ள, இரண்டு மாற்றுக்கு. பெரிய ஆட்டம் ஆயிற்றே, பூட்ஸ் இல்லாவிட்டாலும் பட்டையாவது பளிச்சென்று விறைப்பாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அண்ணன்கூட, "என்ன லூர்து, பிஷப்புக்குக் கட்டுற மாதிரி இருக்கு" என்று சிரித்தான்.

மழையில் கஞ்சி என்ன ஆகும்? துவைக்கிறவளுக்கு இது தெரியாதா? கஞ்சித் தண்ணீர் கொட்டிய கல்லில் நானே எத்தனை தடவை வழுக்கியிருக்கிறேன்!

பூசை முடிவில் கடைசி ஆசீர்வாதம் எப்போது கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 16, திங்கள்

அண்ணன் ஆட்டத்தில் கட்டியிருந்த பட்டைகளை ஊறவைத்தேன். சேறு போன பிறகும் தண்ணீர் கலங்கலாகவே இருந்தது. விரல்களுக்கு நடுவே வழவழப்பு. இல்லை, அது சோப்பாக இருக்கலாம். நான் சோப்பு போட்டேனா? போடவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

மாற்றுப் பட்டைகள் இரண்டும் கட்டப்படாமல் அப்படியே விறைப்பாக இருக்கின்றன. என் தகரப்பெட்டியில் ஒளித்துவைத்தேன். ஏன் ஒளித்தேன்? யார் தேடப்போகிறார்கள்?

ஆகஸ்ட் 18, புதன்

அண்ணன் மத்தியானமே வந்துவிட்டான். அவன் பெஞ்சில் யாரோ சுண்ணாம்புக் கட்டியால் ஒரு சிலுவை வரைந்து, பக்கத்தில் விழுந்துகிடக்கும் ஆளையும் வரைந்திருக்கிறார்கள்.

விஷயம் இதுதான். அண்ணன் கிறிஸ்தவன், மிஷன் கல்லூரியும் கிறிஸ்தவர்களுடையது. ஆகவே தன் வேதக்காரர்கள் ஜெயிக்கட்டும் என்று வேண்டுமென்றே விழுந்தான் என்று பேசுகிறார்கள். "காலா விட்டுக்கொடுத்துட்டான்" என்று சிலர் முகத்துக்கு நேராகவே சொன்னார்களாம். இந்தியரை இழிவாகச் சொல்ல இங்கே 'காலா' என்பார்கள்.

அப்பாவுக்கு வந்த கோபம்! "அவங்க பாப்டிஸ்டுடா! நாம ஆர்.சி.! அவங்க நம்மள வேதக்காரங்கன்னே ஒத்துக்கிறதில்ல! போயி அதச் சொல்லு!"

"இத எங்க நின்னு சொல்றதுப்பா? கோல் போஸ்டுக்குப் பக்கத்துலயா?" என்றான் அண்ணன்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கினேன். அப்புறம் அழுகை வந்தது, அதையும் அடக்கினேன். உண்மை என் பெட்டிக்குள் இருக்கிறது. 'வேண்டுமென்று விழவில்லை, நான் கஞ்சி போட்டேன்' — இதைச் சொன்னால் போதும். வாய் திறந்தால் காற்றுதான் வருகிறது. பள்ளியில் படித்தபோதும் அப்படித்தான். விடை தெரியும், எழுந்து நின்றால் ஒன்றும் வராது. சிஸ்டர் என்னை 'ஊமை மணி' என்பார்கள்.

ஆகஸ்ட் 19, வியாழன்

இன்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 21, சனி

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் சாமியாரின் காது மட்டும் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டேன்.

"கஞ்சி போட்டேன் சாமி."

"எதுக்கும்மா?"

"கால்பட்டைக்கு. எங்கண்ணன் பந்தாடுறதுக்கு."

காது கம்பிவலைக்கு இன்னும் கிட்டே வந்தது. பிறகு, "எந்தக் காலுக்கு?"

"ரெண்டுக்கும் சாமி."

"அப்போ அந்த மூணாவது கோலு..." என்று தொடங்கியவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். கஞ்சி போடுவது பாவம் இல்லை என்றார். "ஆனா இத எங்கிட்ட சொல்லி என்ன பிரயோசனம்? நானா ரெஃப்ரி?" மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னார்.

பாவம் இல்லை என்றால் மந்திரம் எதற்கு? கோலுக்கு ஒன்று என்று கணக்கா?

ஆகஸ்ட் 22, ஞாயிறு

அண்ணன் போய்விட்டான்.

ஆகஸ்ட் 23, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. காலையில் பூசைக்கு வராமல் படுத்திருந்தான். நாங்கள் திரும்பியபோது சிறிய பெட்டி இல்லை. துண்டுக் காகிதத்தில் ஒரு வரி: 'டாலாவில் அப்பாசாமி மாமா ஆலையில் இருக்கிறேன். தேட வேண்டாம்.' அப்பாசாமி மாமா அப்பாவோடு ஒரே கப்பலில் பர்மாவுக்கு வந்தவர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அரிசி ஆலையில் மேஸ்திரி.

அப்பா இன்று துறைமுக ஆபீசுக்குப் போகுமுன் அண்ணனின் புத்தகங்களை அடுக்கி, மேலே ஒரு துணியைப் போர்த்தினார். மழைச்சாரல் படாமல் இருக்கத்தான். ஆனால் பார்க்க வேறு மாதிரி இருந்தது. அதை நான் எடுத்துவிட்டேன்.

"நம்ம குடும்பத்துல கல்லூரி வாசப்படி மிதிச்ச மொத ஆளு. மூட்டை எண்ணப் போயிட்டான்" என்றார் அப்பா. என்னிடம் சொன்னாரா, தனக்குத்தானே சொன்னாரா, தெரியவில்லை.

எனக்கு ஒன்று கேட்க வேண்டும். யாரிடம் கேட்பது? அம்மா போனதும், வீட்டைப் பார்க்க ஆள் வேண்டும், அண்ணன் படிப்பு நிற்கக்கூடாது என்று ஏழாம் வகுப்போடு என்னை நிறுத்தினார்கள். நான் அழவில்லை. சரி, வீட்டுக்கு ஒருவர் படித்தால் போதும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இப்போது அந்த ஒருவரும் படிக்கவில்லை. அப்படியானால் நான் எதற்காக நின்றேன்?

அதுவும் நானே போட்ட கஞ்சியால்.

ஆகஸ்ட் 24, செவ்வாய்

பரீட்சை செய்து பார்த்தேன்.

அப்பா ஆபீஸ் போன பிறகு மாற்றுப் பட்டைகளில் ஒன்றை என் வலது காலில் அண்ணன் கட்டுவதுபோலக் கட்டிக்கொண்டு கொல்லைப்புறத்துக்கு இறங்கினேன். நல்ல தூறல். புல் நனைந்திருந்தது. தேங்காய் மட்டை ஒன்றை வைத்து ஓடிவந்து உதைத்தேன். வழுக்கி விழுந்தேன். கஞ்சிதான், சந்தேகமில்லை.

பிறகு பட்டையை அவிழ்த்துவிட்டு வெறும் காலில் ஓடிவந்து உதைத்தேன். அப்போதும் விழுந்தேன். இன்னொரு தடவையும் விழுந்தேன். மறுபடி பட்டையைக் கட்டி உதைத்தேன் — விழவில்லை!

கீழ்வீட்டு ரத்தினம்மாள் அக்கா கூரைக்கடியில் முறத்தோடு நின்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

"என்னடி லூர்து, சாமி வந்திருச்சா? ஒங்க சாமிக்கு ஆடுற பழக்கம் இல்லையே!"

ஓடிவந்து கதவைச் சாத்திக்கொண்டேன். முழங்கை எரிகிறது. கஞ்சி போட்டு ஒரு விழல், போடாமல் இரண்டு விழல். இதற்கு என்ன அர்த்தம்? எனக்குப் பந்து உதைக்கத் தெரியாது என்றுதான் அர்த்தமா?

ஆகஸ்ட் 26, வியாழன்

உதுமான் வந்திருந்தார். அண்ணன் கல்லூரி அணியில் கோல் காப்பவர். முகல் தெருவில் அவர்களுக்குக் குடைக்கடை இருக்கிறது. அப்பா இல்லை. நான் கதவை ஒரு விரல் அகலம் திறந்து அதன் பின்னால் நின்றேன்.

"தங்கச்சி, மைக்கேல் இருக்கானா?"

"இல்ல."

"எங்க?"

"டாலா."

"டாலாவா? அங்க என்ன பண்றான்?"

மூட்டை என்று சொல்ல வாய் வரவில்லை. அவரே பேசினார். திங்கட்கிழமை ஆட்டக்காரர்கள் எல்லாரும் கூடப்போகிறார்களாம். அடுத்த மாதம் பதினொன்றாம் தேதி மிஷன் கல்லூரியோடு இரண்டாவது ஆட்டம் இருக்கிறது. காப்டன் கோ டின் யாரைச் சேர்ப்பது என்று பேசப்போகிறாராம். "அன்னிக்கு மைக்கேல் வந்து நிக்கலன்னா சொன்னதெல்லாம் நெசம்னு ஆயிரும் தங்கச்சி. இந்த ஆட்டம் மட்டும் இல்ல. காலேஜ் முழுக்க அந்தப் பேர்தான் நிக்கும்."

"நீங்க..." என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அவருக்குப் புரிந்துவிட்டது. "நான் அவனுக்குப் பத்தடி பின்னால நின்னேன். அவன் கால் போனதப் பாத்தேன். மனசு போனத யாரு பாக்க முடியும்? நம்புறேன். ஆனா நான் நம்புனா போதுமா?"

ஆகஸ்ட் 28, சனி

டாலாவுக்குப் போய் வந்தேன். தனியாக.

அப்பாவிடம் சொன்னால் போகவிடமாட்டார். சொல்லாமல் போனால் தப்பு. இரண்டையும் யோசித்துக்கொண்டே படகுத்துறைவரை நடந்துவிட்டேன். சம்பான் படகில் எனக்கு எதிரே கோழிக்கூடையோடு ஒரு பர்மாக்கார அம்மா. ஆறு மேடும் பள்ளமுமாக இருந்தது. நான் படகின் விளிம்பைப் பிடித்திருந்த பிடியைப் பார்த்து, "விடு, படகு ஓடிப்போகாது" என்று அந்த அம்மா சிரித்தார்கள்.

ஆலையில் ஒரே உமித்தூசி. அண்ணனின் தலைமுடி, புருவம் எல்லாம் வெளுத்திருந்தது. கிழவன் மாதிரி இருந்தான். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த மூட்டைக் கணக்கு அட்டையைப் போட்டுவிட்டு ஓடிவந்தான்.

"அப்பாவுக்கு என்ன?"

"அப்பா நல்லா இருக்காங்க."

"யாரோட வந்த?"

"நானா வந்தேன்."

"நீயா?" ஆற்றைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தோம். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியங்கள் ஒன்றும் நினைவில்லை.

"அண்ணே, நான் கஞ்சி போட்டுட்டேன்."

"எதுக்கு?"

எல்லாரும் ஏன் இதையே கேட்கிறார்கள்! சொன்னேன். பானை, பீடத்துணி, பட்டை, மழை, எல்லாம். அவன் தன் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டான். பிறகு ரொம்ப மெதுவாகப் பேசினான்.

"ரெண்டு வாரமா அதையே நெனச்சிக்கிட்டு இருக்கேன் லூர்து. பந்து எடுத்துட்டுப் போனான்ல, அவன் என்கூட ஸ்கூல்ல படிச்ச பையன். ஓடி வர்றப்போ என் மூஞ்சியப் பாத்துச் சிரிச்சான். நானும் பாத்தேன். பாத்த பெறகு கால் போச்சா, கால் போன பெறகு பாத்தேனா, இப்ப எனக்கே தெரியல. எல்லாரும் சொல்லச் சொல்ல, நாந்தான் விட்டுட்டேனோன்னு... வேணும்னு இல்ல... ஆனா விட்டுட்டேனோன்னு..."

அண்ணனுக்கே அவன் மேல் சந்தேகம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

அப்புறம் திடீரென்று, "கஞ்சியா!" என்றான். "கஞ்சியா லூர்து!" என்று சிரிக்க ஆரம்பித்தான். நிறுத்த முடியாமல் சிரித்தான். கண்ணில் தண்ணீர். உமித்தூசியில் இரண்டு கோடு விழுந்தது. அப்பாசாமி மாமா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"ஆனா அண்ணே, நான் பரீட்சை பண்ணிப் பாத்தேன். கஞ்சி இல்லாமலும்—"

"போதும்." கையைக் காட்டினான். "அத மட்டும் சொல்லாத."

சொல்லவில்லை.

திங்கட்கிழமை வந்து இதை எல்லாரிடமும் சொல்லு என்றேன். மாட்டேன் என்றான். "தங்கச்சி மேல பழியப் போட்டுத் தப்பிச்சான்னு சொல்லுவானுங்க. நீயும் யார்கிட்டயும் மூச்சு விடாத. எனக்குத் தெரிஞ்சது போதும். இங்கயே இருந்துக்கிறேன்."

அப்போதுதான் எனக்கு என்னவோ ஆயிற்று. இதுவரை நான் அவனிடம் சத்தம் போட்டதே இல்லை. "இங்கயே இருக்கப்போறியா? அப்ப நான் எதுக்கு ஸ்கூல விட்டேன்? சொல்லு! ஒனக்குச் சோறு கட்டிக் குடுக்கத்தானே நின்னேன்! நீ மூட்ட எண்றதுக்கா நான் நின்னேன்?"

ஆலையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் எல்லாரும் திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது. நான் எழுந்து நடந்துவிட்டேன். படகுத்துறைவரை பின்னாலேயே வந்தான். படகுக்காரரிடம் மட்டும், பத்திரமாக இறக்கிவிடச் சொன்னான்.

இப்படியா பேசுவது? போகாமலே இருந்திருக்கலாமோ?

ஆகஸ்ட் 29, ஞாயிறு

விளக்கேற்றும் நேரத்துக்கு அண்ணன் பெட்டியோடு வந்தான். அப்பா, "மழை எப்படி அங்க?" என்று மட்டும் கேட்டார்.

ஆகஸ்ட் 30, திங்கள்

கூட்டத்துக்குப் போனான். எழுந்து நின்று, "வழுக்கியது" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டானாம். உதுமான் அண்ணன்தான் எனக்குச் சொன்னார். சிலர் நம்பினார்கள், சிலர் சிரித்தார்கள். கோ டின், யோசித்துச் சொல்கிறேன் என்றாராம்.

எது நடந்தாலும் நாளை வகுப்புக்குப் போவேன் என்கிறான். சோற்று டப்பாவைத் தேய்த்து வைத்தேன்.

செப்டம்பர் 2, வியாழன்

வாக்கு மீறிவிட்டேன். மூச்சு விடாதே என்று அண்ணன் சொன்னதை மீறிவிட்டேன்.

சாயங்காலம் உதுமான் அண்ணன், கூடவே கோ டின். அண்ணன் கடைத்தெருவுக்குப் போயிருந்தான். நான் வழக்கம்போலக் கதவுக்குப் பின்னால். கோ டின் பர்மா பாஷையில் பேசினார். உயரமான ஆள். குரல் மட்டும் சின்னக் குரல்.

"தங்கச்சி, உன் அண்ணன் கீழே விழுந்ததைப் பற்றி வீட்டில் ஏதாவது சொன்னானா? என்னிடம் ஒரு வார்த்தைக்கு மேல் பேசமாட்டேன் என்கிறான்."

கறிகாய்க்காரிகளோடு பேசிப் பேசி எனக்குப் பர்மா பாஷை நன்றாக வரும். பேச்சு மட்டும்தான் வராது. நான் உள்ளே போய்விட்டேன். போய்விட்டேன் என்றுதான் அவர்களும் நினைத்திருப்பார்கள். பெட்டியைத் திறந்து மாற்றுப் பட்டைகளை எடுத்தேன். பரீட்சைக்குக் கட்டியது ஒன்று, கட்டாதது ஒன்று. வாயகன்ற பாத்திரத்தில் தண்ணீர் எடுத்தேன். கதவிடுக்கில் பாத்திரம் நுழையாது. ஆகவே கதவைத் திறந்தேன்.

கட்டாத பட்டையைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து அவர் கையில் கொடுத்தேன். அவர் விரல்களால் தேய்த்துப் பார்த்தார். முகர்ந்தார். "சோறு வாசம்" என்றார். பிறகு பலகைத் தரையில் அதைப் போட்டு, மேலே குதிகாலை ஊன்றித் தள்ளினார். வழுக்கிக்கொண்டு போனது. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

நான் சொன்னேன். மாதா திருநாள், பீடத்துணி, பானை. கடைசியில், அண்ணனிடம் சொல்லாமல் விட்டதையும் சொன்னேன். "ஆனால் நானே கட்டிப் பார்த்தேன். கஞ்சியோடு ஒரு தடவை விழுந்தேன், கஞ்சி இல்லாமல் இரண்டு தடவை விழுந்தேன். ஒரு தடவை கஞ்சியோடு விழவே இல்லை. எதனால் என்று எனக்குத் தெரியாது."

கோ டின் என்னையே பார்த்தார். "கடைசியில் சொன்னதை ஏன் சொன்னாய்? நான் கேட்கவில்லையே."

"நடந்ததே" என்றேன்.

உதுமான் அண்ணன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிக்கிறார் என்று தோள் காட்டிக்கொடுத்தது. கோ டின் சிரிக்கவில்லை. பட்டையைத் திரும்பப் பாத்திரத்தில் போட்டார். தான் கட்டும் லோன்ஜிக் கைலிக்குத் தன் அக்காவும் கஞ்சி போடுவார், மழையில் நனைந்தால் தொடையோடு ஒட்டிக்கொள்ளும் என்றார். போய்விட்டார்கள். நம்பினாரா, இல்லையா?

செப்டம்பர் 3, வெள்ளி

அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. பேசவில்லை.

செப்டம்பர் 6, திங்கள்

இன்னும் பேசவில்லை. ஆனால் வகுப்புக்குப் போகிறான். சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டவன், என்னைப் பார்க்காமல், அப்பாவிடம் பேசுவதுபோல, "இந்தச் சட்டையில கஞ்சி இருக்கா, இல்ல இன்னிக்கு நிமிந்து நடக்கலாமா?" என்று கேட்டான்.

"இருக்கு" என்றேன். "பாத்து நட."

இது பேசியதில் சேருமா?

செப்டம்பர் 9, வியாழன்

பெயர்ப் பட்டியலை ஒட்டிவிட்டார்கள். அண்ணன் பெயர் இருக்கிறது! வீட்டுக்கு வந்து அவன் சொன்னதும் அப்பா எழுந்து நின்றார், பிறகு எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் சன்னலைச் சாத்தினார்.

அப்புறம்தான் இன்னொன்றும் தெரிந்தது. அண்ணன் இடத்தில் ஆட இருந்த பையனுக்கு மலேரியாக் காய்ச்சலாம். அப்படியானால் கோ டின் நம்பித்தான் சேர்த்தாரா, ஆள் இல்லாமல் சேர்த்தாரா? உதுமான் அண்ணன் வந்தபோது நேராகவே கேட்டுவிட்டேன். கதவுக்கு வெளியே நின்று.

"ரெண்டும்தான் தங்கச்சி" என்றார்.

ரெண்டும் என்றால்? எது அதிகம்? அதைக் கேட்பதற்குள் படியிறங்கிவிட்டார்.

செப்டம்பர் 11, சனி

ஆட்டம் சமம். ஒன்றுக்கு ஒன்று. யாரும் ஜெயிக்கவில்லை. அப்பா, "தோக்கலல்ல" என்று திரும்பிவரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். டிராமில் தெரியாத ஒருவரிடமும் சொன்னார்.

நான் போயிருந்தேன். வருகிறாயா என்று அண்ணன் கேட்டான். வரவில்லை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து அப்பா, "கெளம்பு, ஒரு குடைதான் இருக்கு, ஒட்டி நில்லு" என்றார். பெண்கள் பத்துப் பேர்கூட இருக்கமாட்டார்கள். கயிற்றோரத்தில் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றேன்.

அண்ணன் முதல் தடவை பந்தைத் தொட்டபோது பின்னாலிருந்து யாரோ, "பாத்துடா, சாமி கும்பிட விழுந்துராத!" என்று கத்தினார்கள். சிலர் சிரித்தார்கள். அப்பாவின் குடை ஆடியது. அண்ணன் திரும்பவில்லை. அதன் பிறகு மழை வலுத்து, எல்லாரும் விழுந்தார்கள். அண்ணன் இரண்டு தடவை விழுந்தான், பூட்ஸ் போட்டவர்களும் விழுந்தார்கள், கோ டின் முகங்குப்புற விழுந்து எழுந்தார். எது எதனால் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் எண்ணத் தோன்றியது. அப்புறம் எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

முடியப்போகும் நேரம். ஒன்றுக்கு ஒன்று. மிஷன் கல்லூரிக்காரர்கள் விடாமல் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணன்தான் குறுக்கே விழுந்து பந்தை வெளியே தள்ளினான். அது தண்ணீரில் உருண்டு, கயிற்றுக்கு அடியில் புகுந்து, என் காலடியில் வந்து நின்றது.

சுற்றி இருந்தவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். பந்தும் நானும்தான். "எடுக்காதம்மா! கெடக்கட்டும்!" என்று நம் ஆட்கள் கத்தினார்கள். "மெதுவா! நேரம் போவட்டும்!" எதிரே, பந்தை உள்ளே எறிய வேண்டிய மிஷன் கல்லூரிப் பையன் ஒருவன் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றான். உடம்பெல்லாம் சேறு. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, என்னையே பார்த்தான். அவனுக்குப் பின்னால் தூரத்தில் அண்ணனும் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்துக்கொண்டிருந்தான். மைதானம் முழுவதும் என்னைத்தான் பார்த்தது.

குனிந்து எடுத்தேன். நினைத்ததைவிட ரொம்பக் கனமாக இருந்தது. இரண்டு கையாலும் அவனிடம் எறிந்தேன்.